மில் தூறலும் டர்பைன் தாகமும்

எங்கப்பா மதுரை ஹார்வி மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் இருந்தவர். 1892-ல் ஓடத் தொடங்கிய மில். பஞ்சு காய்ந்தால் நூல் அறும். அதனால் வெளிக்காற்றைத் தண்ணீர்ச் சாரலுக்குள் இழுத்து, நனைத்து உள்ளே விடுவார்கள். ஈரம் நூலுக்கு, குளுமை ஆளுக்குக் கிடைத்த கொசுறு. அதற்கும் முன்னால், 1830-களிலேயே, துரைமார் பங்களாக்களில் தெர்மான்டிடோட் என்றொரு பெட்டி இருந்தது. உள்ளே காற்றாடி, பக்கத்தில் நனைத்த வெட்டிவேர்த் தட்டி. கைப்பிடியைச் சுற்றியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதே வித்தை டர்பைனுக்கும் வேண்டும் என்பது பேசின் பிரிட்ஜ் மின் நிலையத்தில் ஷிப்ட் பார்த்த காலத்தில் எனக்கு விளங்கியது. 1996-ல் வந்த நிலையம் அது; 30 மெகாவாட் வீதம் நான்கு இயந்திரங்கள், நாப்தாவில் ஓடியவை. கேஸ் டர்பைன் விழுங்குவது எப்போதும் ஒரே கன அளவு காற்று. 15 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று 1.2 கிலோவுக்குச் சற்று மேல்; 40 டிகிரியில் 1.1 கிலோதான். எடை குறைந்தால் மின்சாரமும் குறையும். பெயர்ப்பலகையில் பொறிக்கும் திறனோ 15 டிகிரிக் கணக்கு. ஊரே ஏசி போடும் சித்திரை மதியத்தில்தான் இயந்திரம் மூச்சு வாங்கும்.

காற்று நுழையும் வாயில் ஈர அட்டை அடுக்கலாம், பனிபோல் நீர் தெளிக்கலாம். ஆனால் காற்று வறண்டிருக்க வேண்டும். மதுரையை ஒட்டிய நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் மே மாத வெயில் 40 டிகிரி என்றால், ஈரத்துணி சுற்றிய ஈரக்குமிழ் வெப்பமானி 26 அளவில் நிற்கும். நல்ல ஈர அட்டை காற்றை 28-க்கு இறக்கிவிடும். எங்கள் ஊருக்கு இது தோதான வித்தை. ஆனால் பக்கத்துச் சமயநல்லூரில் வந்த 106 மெகாவாட் நிலையம் டீசல் இன்ஜின் வகை. கேஸ் டர்பைன்களோ எரிவாயு கிடைக்கும் குத்தாலம், திருமாகோட்டை, வழுதூர் என்று டெல்டாவிலும் கடலோரத்திலும் போய் உட்கார்ந்தன. கடற்காற்று ஏற்கெனவே நனைந்தது. அங்கே ஈரத்தட்டி பாதி வேலைதான் செய்யும்.

அங்கெல்லாம் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வைப்பதே சரி என்பேன். அதை ஓட்டும் மின்சாரமும் செலவுதானே என்பார்கள். சோலார் மிஞ்சும் நடுப்பகலில் தண்ணீரைக் குளிர்வித்துத் தொட்டியில் சேர்த்து, மாலை 6 மணிக்கு மேல் டர்பைனின் காற்று வாயிலில் உள்ள குழாய்களில் செலுத்தினால் அந்தக் கணக்கும் நேராகிவிடும்.