காரைக்காற் கரையும் காந்தப் பாயமும்

சொற்களுக்கு வரலாறு உண்டு என்பதைத் தமிழாய்வாளர் நன்கறிவர். அறிவியற் கருத்துகளுக்கும் அவ்வாறே வரலாறு உண்டு. கம்பிச் சுருள் ஒன்றன் ஊடே செல்லும் காந்தப்புலத்தின் மொத்த அளவைக் 'காந்தப் பாயம்' எனத் தமிழகத்துப் பாடநூல்களும் ஈழத்துப் பாடநூல்களும் வழங்குகின்றன. 'பாய்' என்னும் வினையடியாகப் பிறந்த இச்சொல், ஏதோ ஒன்று ஓடுகின்றது என்னும் எண்ணத்தைக் கற்பார் உள்ளத்தில் விதைக்கின்றது. உண்மையில் ஈண்டு ஓடுவது யாதும் இல்லை. இம்மயக்கம் தீர்வதற்கு அக்கருத்துப் பிறந்த வரலாற்றையே நாம் நாடுதல் வேண்டும். அதனை ஆராயக் காரைக்கால் ஏற்றதொரு களமாகும்.

காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது; இடையிடையே ஆங்கிலேயரிடம் சென்று, 1817இல் மீண்டும் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்டது; 1954 நவம்பர் முதல் நாள் இந்திய நிருவாகத்தின்கீழ் வந்தது. அவ்வூர் பிரான்சின் உடைமையாக இருந்த காலத்திலேதான், மின்னும் காந்தமும் உறவுடையன என்னும் உண்மை பாரிசிலும் செனீவாவிலும் இலண்டனிலும் ஆராயப்பெற்றது.

காந்தம் இரும்பை ஈர்க்கும் என்பது தமிழர்க்குப் புதிதன்று. சிவஞானபோதத்தின் ஐந்தாம் நூற்பா, திருவருளின் முன்னிலையில் உயிர்கள் உணர்தற்குக் காந்தத்தின் முன் நின்ற இரும்பையே உவமையாகக் காட்டுகின்றது. காந்தம் வினை புரிவது தன் முன்னிலை ஒன்றினாலேயே என்பது அவ்வுவமையின் உயிர். ஈர்ப்பைப் பொறுத்தவரை இது முற்றும் உண்மை. ஆயின், காந்தத்தினின்று மின்னோட்டம் பெற விழைந்த ஐரோப்பிய அறிஞரும் முன்னிலை ஒன்றே போதுமென்று கருதினர். அதனாற் பல்லாண்டு வழிதவறினர்.

பிரெஞ்சு அறிஞர் ஆம்பியர் 1822இல் செனீவாவில், மின்னோட்டம் செல்லும் சுருளினுள் மெல்லிய செப்பு வளையம் ஒன்றைத் தொங்கவிட்டுக் காந்தத்தை அணுகச் செய்தார். வளையம் அசைந்தது. தூண்டலின் விளைவை அவர் கண்டும் அதன் சிறப்பை உணர்ந்து தொடரவில்லை. 1825இல் கொலாதோன் என்பார் காந்தத்தைச் சுருளினுள் நுழைத்தார். காந்தம் தன் ஊசியை நேரே தாக்காதிருத்தற்பொருட்டு மின்னளவியை வேறோர் அறையில் வைத்திருந்தார். அவர் அங்குச் சென்று நோக்குமுன் ஊசி அசைந்து பழைய நிலைக்கே மீண்டுவிட்டது என்பர்.

1831 ஆகத்து 29ஆம் நாள், இலண்டனில் ஃபாரடே இரும்பு வளையம் ஒன்றில் இரு சுருள்களைச் சுற்றி ஆய்ந்தார். ஒரு சுருளில் மின்னைச் செலுத்திய கணத்திலும் நிறுத்திய கணத்திலும் மட்டுமே மற்றொன்றில் மின்னோட்டம் தோன்றியது. இடையில் யாதும் இல்லை. ஆகவே மின்னைத் தருவது காந்தத்தின் முன்னிலை அன்று. சுருள் தன்னுள் அடக்கும் பாயத்தின் மாற்றமே. இவ்வுண்மைக்கு 1845இல் நாய்மன் கணித வடிவு தந்தார்.

இவ்வேறுபாட்டைக் காவிரிப் படுகையினர் எளிதில் உணரலாம். காரைக்காலின் வழியே கடலை அடையும் அரசலாற்றின் நீர், வாய்க்கால் மதகில் ஒரே அளவாகப் பாய்ந்தாலும் வயல் விளையும். சுருளின் ஊடே ஒரே அளவாக நிற்கும் பாயமோ ஒரு சிறிதும் மின் தராது. கூடினாலன்றிக் குறைந்தாலன்றி அதனாற் பயனில்லை.

இனி, நிலவுலகே ஒரு காந்தம் என்பதைக் கருதுவோம். காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்முனையை ஒட்டிச் செல்கின்றது. ஆதலின் காரைக்காலில் புவிக்காந்தப்புலம் ஏறத்தாழக் கிடைமட்டமாகவே அமைந்துள்ளது. அதன் சாய்வு சில பாகைகளே. ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள ஒற்றைச் சுற்றுச் சுருளை அங்கு வடக்கு நோக்கி நிமிர்த்தினால், அது ஏறத்தாழ ஒரு வெபரின் பத்து இலட்சத்தில் 40 பங்கு பாயத்தை அடக்கும். அதனையே தரையிற் படுக்க வைத்தால், அதனுள் அடங்குவது அதில் ஒரு சிறு பகுதியே. புலம் மாறவில்லை, சுருளும் மாறவில்லை, நிலை மட்டுமே மாறியது. செர்மானிய அறிஞர் வெபர் இவ்வுண்மையைக் கொண்டே, சுருளைச் சுழற்றிப் புவிக்காந்தத்தின் சாய்வை அளக்கும் கருவியை அமைத்தார். பாயத்தின் அலகு அவர் பெயராலேயே வழங்குகின்றது.

காந்த நடுக்கோட்டின் அண்மை தென்னாட்டிற்கு ஆராய்ச்சியில் தனிச்சிறப்பை அளித்தது. திருவனந்தபுரத்தில் 1837இல் வானாய்வு நிலையம் எழுந்தது. அதன் தலைவராய் 1852இல் வந்த சான் ஆலன் புரௌன், 1855இல் அகத்தியர் பெயர் தாங்கிய, 6,000 அடிக்கு மேற்பட்ட மலைமுடியில் காந்த ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவினார். அடிவாரத்திலும் முடியிலும் காந்த ஊசியின் அன்றாட மாறுதலை ஒப்பிடுதல் அவர் நோக்கம். தமிழ் முனிவர்க்கு உரியதென மரபு போற்றும் மலை, இவ்வாறு இயற்பியல் வரலாற்றிலும் இடம்பெற்றது. பின்னர், பன்னாட்டுப் புவியியற்பியல் ஆண்டாகிய 1957இல், காரைக்காலுக்கு வடக்கேயுள்ள அண்ணாமலைநகரிலும் காந்த நோக்குநிலையம் தோன்றியது. காந்த நடுக்கோட்டின்மேல், ஏறத்தாழ 105 கிலோமீட்டர் உயரத்தில், பகற்பொழுதில் கிழக்கு நோக்கி ஓடும் மின்னோட்டம் ஒன்று உண்டு. அது தரையிலுள்ள புலத்தை நண்பகலில் சிறிது மிகுவித்து மாலையில் தணியச் செய்கின்றது. ஆகவே அசையாது நிற்கும் சுருளிலும் நாள்தோறும் பாயம் மாறுகின்றது.

இம்மாற்றம் மிக நுண்ணியது. அதே விதியைப் பேரளவில் ஆளும் இடமும் காரைக்காலிலேயே உண்டு. திருமலைராயன்பட்டினத்தில் 2000ஆம் ஆண்டுமுதல் இயங்கும் எரிவளி மின்நிலையத்தின் ஆற்றல் 32.5 மெகாவாட்டு. காவிரிப்படுகையின் எரிவளி சுழலியைச் சுழற்ற, சுழலி காந்தத்தைச் சுழற்றுகின்றது. சூழ்ந்துள்ள சுருள்களில் பாயம் நொடிக்கு 50 முறை ஏறியிறங்கி மாறுகின்றது. 1832இல் பாரிசில் பிக்சி என்பார் கைப்பிடியால் சுழற்றிய காந்தப்பொறியின் வழித்தோன்றலே இது.

இவற்றால் நாம் பெறும் முடிபு ஒன்று. 'பாயம்' என்னும் சொல்லை நீக்க வேண்டுவதில்லை. ஐரோப்பிய மூலச்சொல்லும் ஓட்டம் என்னும் பொருளதே. ஆயின் அச்சொல்லைக் கற்பிக்குங்கால், அது ஓடும் பொருளன்று, அடங்கும் அளவு என்பதையும், மின்னைப் பிறப்பிப்பது அவ்வளவின் மாற்றமே என்பதையும் உடனுரைத்தல் வேண்டும். கலைச்சொல் ஆக்குவார் சொல்லின் வேரை ஆராய்வதோடு அமையாது, கருத்தின் வரலாற்றையும் ஆராய்வாராயின், தமிழில் அறிவியல் கற்பார் ஆம்பியர் தவறவிட்டதைத் தாமும் தவறவிடார்.