கூரைக்கு மேல் நிற்கும் குழாயின் கதை

இம்மாத உரையில் நான் எடுத்துக்கொண்டது அரசர்களின் வரலாறும் அல்ல, போர்களின் வரலாறும் அல்ல. உங்கள் வீட்டுக் கூரையில் ஒரு முழ உயரத்துக்குத் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும் கறுத்தக் குழாயின் வரலாறு. ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் அது உண்டு. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியும். சிலர் அதைப் புகைக்கூடு என்று நினைக்கிறார்கள். வேறு சிலர் பழைய தொலைக்காட்சி அன்ரெனா நின்ற குழாய் என்கிறார்கள். நான் இருபது வருடங்களாக இங்கே கூரை வேலையும் வீடு திருத்தும் வேலையும் செய்து வருகிறேன். "அண்ணை, முகட்டாலை ஒழுகுது, ஒருக்கா வந்து பாருங்கோ" என்று எங்கள் ஆட்கள் கூப்பிடுகிற வீடுகளில், பல தடவை குற்றவாளியாக இருப்பது இந்தக் குழாயின் கழுத்துத்தான்.

ஊரில் கிடுகு வீட்டிலும் ஓட்டு வீட்டிலும் வாழ்ந்தவர்களுக்குக் கூரையைப் பற்றி நான் பாடம் நடத்தத் தேவையில்லை. மேல் கிடுகு கீழ்க் கிடுகின்மேல் படிய வேண்டும், மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் படிய வேண்டும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்தக் கூரைகளைத் துளைத்துக்கொண்டு எந்தக் குழாயும் போனதில்லை. கக்கூசு வளவின் பின்மூலையில் இருந்தது. குழிக்குப் பக்கத்தில் ஒரு நெட்டைக் குழாய், அதன் வாயில் நுளம்பு வலை, அவ்வளவுதான். இங்கேயோ கக்கூசும் குளியலறையும் நாங்கள் படுக்கிற அறைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. ஆகவே அந்த நெட்டைக் குழாயும் வீட்டுக்குள்ளாலேயே ஏறிக் கூரையைத் துளைத்து வெளியே போகிறது. கூரையில் ஒரு துளை விட்டால் மழையும் அந்த வழியைத் தேடும்.

முதலில் இந்தக் குழாய் ஏன் வேண்டும் என்று பார்ப்போம். 1775ஆம் ஆண்டு லண்டனில் அலெக்சாண்டர் கமிங் என்ற கடிகாரத் தொழிலாளி, தண்ணீர் ஊற்றிக் கழுவும் கக்கூசுக்குக் காப்புரிமை பெற்றார். அவர் செய்த பெரிய காரியம், கழிவுக் குழாயைப் பாம்பு போல வளைத்துவிட்டது. அந்த வளைவில் எப்போதும் கொஞ்சத் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்தத் தண்ணீர்தான் கதவு. கீழேயுள்ள கெட்ட வாயு அதைத் தாண்டி வீட்டுக்குள் வர முடியாது. இன்றும் உங்கள் குசினித் தொட்டியின் கீழே குனிந்து பார்த்தால் அந்த வளைவு தெரியும்.

ஆனால் அந்தத் தண்ணீர்க் கதவுக்கு ஒரு பலவீனம் இருந்தது. மேல்மாடியிலிருந்து ஒரே வேகத்தில் தண்ணீர் இறங்கும்போது, அது தனக்குப் பின்னால் காற்றை இழுத்துக்கொண்டு போகும். இழுப்பதற்குக் காற்று இல்லாவிட்டால், வளைவில் நிற்கும் தண்ணீரையே உறிஞ்சிக்கொண்டு போய்விடும். "குளுக் குளுக்" என்று சத்தம் கேட்கிறதே, அது இந்த உறிஞ்சல்தான். தண்ணீர் போய்விட்டால் கதவு திறந்துவிடும். அதைத் தடுக்கக் கழிவுக் குழாய்க்கு மேலிருந்து காற்று கொடுக்க வேண்டும். அந்தக் காற்றுக் குழாயின் வாய், யன்னல்களுக்கு எட்டாத உயரத்தில், கூரைக்கு மேலே இருக்க வேண்டும்.

இது ஒரே நாளில் விளங்கிய விடயமல்ல. 1858ஆம் ஆண்டுக் கோடையில் லண்டனில் தேம்ஸ் நதி நாறிய நாற்றத்தில் நாடாளுமன்றமே திணறியது. அதன் பின்னர்தான் ஜோசப் பசால்ஜெற் என்ற பொறியியலாளரின் தலைமையில் பெரிய நிலக்கீழ்க் கழிவுக் கால்வாய்கள் கட்டப்பட்டன. கால்வாய் வந்ததும் வீடுகள் அதனோடு இணைக்கப்பட்டன. ஊர் முழுவதன் கழிவு வாயுவும் ஒவ்வொரு வீட்டின் குழாய்க்குள்ளும் வந்து நிற்கத் தொடங்கியது.

இந்த இடத்தில் எங்கள் ஸ்காபரோவின் பெயர் வருகிறது. 1793இல் இங்கே ஆளுநராக இருந்த சிம்கோவின் மனைவி எலிசபெத், ஒன்ராறியோ ஏரிக்கரையிலுள்ள வெள்ளை மலைச்சரிவுகளைப் பார்த்து, அவை இங்கிலாந்தின் ஸ்காபரோவைப் போல இருக்கின்றன என்று வைத்த பெயர்தான் இது. அந்த மூல ஸ்காபரோவில், 1871ஆம் ஆண்டு, விக்ரோறியா மகாராணியின் மூத்த மகன், பின்னாளில் ஏழாம் எட்வேர்ட் மன்னரானவர், ஒரு பிரபுவின் மாளிகையில் விருந்தாளியாகத் தங்கினார். திரும்பிப் போனதும் தைபொயிட் காய்ச்சலில் விழுந்தார். அதே மாளிகையில் தங்கிய செஸ்ரர்பீல்ட் பிரபு இறந்துபோனார். இளவரசரின் குதிரைப் பணியாளர் ஒருவரும் இறந்தார். இளவரசர் மட்டும் மயிரிழையில் தப்பினார். அவருடைய தந்தை அல்பேட் இளவரசர் பத்து வருடங்களுக்கு முன், 1861இல், அதே நோயால் இறந்தார் என்றுதான் அன்று நம்பினார்கள்.

அந்த மாளிகையின் கழிவுக் குழாய்களில்தான் பழி விழுந்தது. வாயுவே நோயைக் கொண்டுவருகிறது என்பது அக்கால நம்பிக்கை. அது பிழையானது. தைபொயிட் கிருமி கெட்ட தண்ணீராலும் உணவாலும் பரவுவது. அந்தக் கிருமி நுண்ணோக்கியில் அடையாளம் காணப்பட்டது 1880இல்தான். என்றாலும் அந்தப் பயத்தால் ஒரு நன்மை நடந்தது. வசதியுள்ளவர்கள் தங்கள் குழாய்களைச் சோதிக்கத் தொடங்கினார்கள். வளைவும் காற்றுக் குழாயும் மெல்ல மெல்லச் சட்டமாயின.

ரொறன்ரோவுக்கு வருவோம். 1910இல் இந்த நகரின் சுகாதார அதிகாரியாக டொக்டர் சார்ள்ஸ் ஹேஸ்ரிங்ஸ் பொறுப்பேற்றார். இன்றைய நகரசபைக் கட்டடம் நிற்கும் பகுதி அப்போது "வார்ட்" என்று அழைக்கப்பட்டது. ரஷ்யப் பக்கமிருந்து துரத்தப்பட்டு வந்த யூதர்கள், இத்தாலியர்கள் எனப் புதிதாக வந்திறங்கிய ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம் அது. ஒரே முற்றத்துக் கக்கூசைப் பல குடும்பங்கள் பாவித்தன. 1911இல் ஹேஸ்ரிங்ஸ் அந்த நிலைமையைப் படங்களோடு அறிக்கையாக வெளியிட்டார். முற்றத்துக் கக்கூசுகளை ஒழித்து வீட்டுக்குள் குழாய் போடவைக்க அவர் ஓயாமல் போராடினார். புதிதாக வந்தவர்கள் அழுக்கானவர்கள் என்று பலர் பேசிய காலத்தில், அழுக்கு மனிதரில் இல்லை, அவர்களுக்கு வாடகைக்கு விடப்பட்ட வீடுகளில் இருக்கிறது என்று காட்டியது அந்த அறிக்கை. அகதியாய் வந்து பேஸ்மென்ற்றில் குடியிருந்த எங்களுக்கு இதன் பெறுமதி விளங்கும்.

இப்போது குழாயின் கழுத்துக்கு வருவோம். கூரையைத் துளைத்த இடத்தில் தண்ணீர் இறங்காமல் காக்கும் பட்டிக்கு ஆங்கிலேயர் பிளாஷிங் என்று பெயர் வைத்தார்கள். கூரை வேலைக்காரர் கொலர் என்பார்கள். சட்டைக்குக் கொலர் போல. பழைய காலத்தில் இதை ஈயத்தால் செய்தார்கள். ஈயத்துக்கு இலத்தீனில் பிளம்பம் என்று பெயர். பிளம்பர் என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். 1365இலேயே லண்டன் பிளம்பர்களுக்குத் தொழில் விதிமுறைகள் இருந்தன. அந்தப் பிளம்பர் தண்ணீர்க் குழாயும் செய்தான், தேவாலயக் கூரைக்கு ஈயத் தகடும் போட்டான். குழாயும் கூரையும் சந்திக்கும் இடம் ஒரே ஆளின் பொறுப்பாக இருந்தது. பின்னாளில் தொழில் இரண்டாகப் பிரிந்தது. இன்று குழாயை நிறுத்துபவர் பிளம்பர், அதைச் சுற்றி ஷிங்கிள் அடிப்பவர் கூரைக்காரர். கழுத்துப் பட்டி இரண்டு பேருக்கும் நடுவே அநாதையாக நிற்கிறது.

ஈயம் நெடுங்காலம் உழைக்கும். ஆனால் விலையும் பாரமும் கூட, நஞ்சும்கூட. அதன் இடத்துக்கு இறப்பர் வந்தது. 1839இல் அமெரிக்காவில் சார்ள்ஸ் குட்இயர், கந்தகத்தோடு சூடாக்கினால் இறப்பர் உறுதியாகும் என்று கண்டுபிடித்தார். 1876இல் பிரேசில் விதையில் முளைத்த இறப்பர்க் கன்றுகள் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து இலங்கைக்கு வந்து, கம்பகாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் நடப்பட்டன. அந்தப் பயிர் தோட்டங்களாகப் பெருகியபோது பால் வெட்டியவர்களில் எங்கள் மலையக உறவுகள் ஏராளம். ஆனால் இயற்கை இறப்பர் வெயிலிலும் காற்றிலுள்ள ஓசோனிலும் வெடித்துப்போகும். 1930இல் டுப்பொன்ற் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் நியோபிறீன் என்ற செயற்கை இறப்பரை உருவாக்கினார்கள். அது கூடத் தாங்கும். இன்று எங்கள் கூரைகளில் உள்ள கொலர்களில் பெரும்பாலானவை, ஒரு தகடு அல்லது பிளாஸ்ரிக் தட்டும், நடுவே குழாயை இறுக்கிப் பிடிக்கும் இந்த வகை இறப்பர் வளையமும்தான்.

கூடத் தாங்கும் என்றால் என்றைக்கும் தாங்கும் என்று பொருளல்ல. கோடையில் குழாய் நீளும், மார்கழியில் சுருங்கும். வளையம் அதோடு சேர்ந்து இழுபட வேண்டும். மேலே வெயில், ஓசோன், உறைபனி. பத்துப் பதினைந்து வருடங்களில் வளையம் காய்ந்து வெடிக்கிறது. சில இடங்களில் அணில் கடித்துவிடுகிறது. ஷிங்கிளோ இருபது வருடத்துக்கும் மேல் நிற்கக்கூடியது. கூரை நல்லாய்த்தான் இருக்கும், கழுத்து மட்டும் போயிருக்கும். தண்ணீர் குழாயின் வெளிப்பக்கத்தால் வழிந்து, அற்றிக்கிலுள்ள பஞ்சில் ஊறி, குளியலறைக்கு அருகே சீலிங்கில் தேத்தண்ணீர் நிறத்தில் ஒரு வட்டமாகத் தெரியும்.

ஸ்காபரோவில் ஒரு குடும்பம். தகப்பன் இரவில் தொழிற்சாலை, தாய் பகலில் துப்புரவு வேலை என்று உழைத்து வாங்கிய வீடு. கூரை மாற்றியவர்கள் புது ஷிங்கிள் அடித்துவிட்டுப் பழைய கொலர்களை அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். இரண்டாம் வருடம் கீழ் சீலிங்கில் ஈரம். மேல் குளியல் தொட்டிதான் ஒழுகுகிறது என்று யாரோ சொல்ல, தரையோடுகளை உடைத்தார்கள். ஒழுக்கு நிற்கவில்லை. சுவருக்குள் பூஞ்சணம் பிடித்து, ஆஸ்மா உள்ள பிள்ளை இருமத் தொடங்கியது. மெல்ல மெல்லக் கசிந்த சேதம் என்று காப்புறுதி நிறுவனம் கை விரித்தது. நான் ஏறிப் பார்த்தபோது, வளையத்தில் என் சின்னவிரல் போகுமளவு வெடிப்பு. புதுக் கொலர் போட ஒரு மணித்தியாலம்கூடப் பிடிக்கவில்லை. உடைத்த தரையைத் திரும்பப் போட அந்தக் குடும்பத்துக்கு ஆயிரக்கணக்கில் போனது.

ஆகவே சில சொல்லிவைக்கிறேன். மழைக்குப் பின் வட்டம் பெரிதானால் கழுத்தைச் சந்தேகியுங்கள். மழையே இல்லாத கடுங்குளிரில், அல்லது குளிர் விட்டு உருகும் நாளில் வந்தால், அற்றிக்கில் உறைந்த ஈரமாக இருக்கலாம். அது வேறு வைத்தியம். கூரை மாற்ற விலை கேட்கும்போது, "எல்லாக் குழாய்க்கும் புதுக் கொலர்" என்று எழுத்தில் வாங்குங்கள். கொலரின் தட்டு, மேற்பக்கத்தில் ஷிங்கிளுக்கு அடியிலும் கீழ்ப்பக்கத்தில் ஷிங்கிளுக்கு மேலும் இருக்க வேண்டும். எங்கள் கிடுகுக் கணக்குத்தான். மேலே தார் பூசிவிட்டுப் போனால் அது ஓரிரு பருவத்துக்குத்தான். நீங்களே ஏணி வைத்து ஏறாதீர்கள். கூரையால் விழுந்து முதுகு போனவர்களை நான் அறிவேன். எதிர்வீட்டு முற்றத்தில் நின்று தொலைநோக்கியால் பார்த்தாலே வெடிப்புத் தெரியும்.

இன்னொன்று மிக முக்கியம். ஒழுக்கை நிறுத்தக் குழாயையே வெட்டி மூடிவிட்டு, மேலால் ஷிங்கிள் அடித்தவர்களையும் கண்டிருக்கிறேன். ஒழுக்கு நிற்கும். ஆனால் தண்ணீர்க் கதவுகள் காற்றில்லாமல் வற்றத் தொடங்கும். 2003ஆம் ஆண்டு சார்ஸ் நோய் வந்ததை ரொறன்ரோவில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இங்கே 44 பேர் இறந்தார்கள். அதே வருடம் ஹொங்கொங்கில் அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடித் தொகுதியில் 300க்கு மேற்பட்டோருக்கு நோய் தொற்றியது. ஆராய்ந்தவர்கள் அங்கே கண்டவை இரண்டு: குளியலறைத் தரையிலுள்ள வடிகால் வளைவுகள் தண்ணீரின்றி வற்றிக் கிடந்தன, ஒரு கட்டடத்தின் காற்றுக் குழாயில் வெடிப்பு இருந்தது. வற்றிய வளைவுகளின் வழியே கிருமி வீடுகளுக்குள் ஏறியது என்பது அவர்கள் முடிவு. விக்ரோறியா காலத்தவர் வாயுவுக்குப் பயந்தது முழு மூடநம்பிக்கையும் அல்ல என்று அப்போது தெரிந்தது.

உங்கள் பேஸ்மென்ற்றிலும் தரையில் ஒரு வடிகால் இருக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் துடைத்துவிடுகிற எங்கள் வீடுகளில் அது வற்றிப்போகிறது. மாதம் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். அங்கே குடியிருப்பவர் போன மாதம் வந்திறங்கிய பிள்ளையாகவும் இருக்கலாம், ஊரிலிருந்து வந்த உங்கள் வயதான தாயாகவும் இருக்கலாம். அவர்கள் சுவாசிக்கிற காற்றுக்கு வீட்டுக்காரர்தான் பொறுப்பு.

இந்தச் சனிக்கிழமை வெளியே வந்து உங்கள் கூரையை ஒருதரம் அண்ணாந்து பாருங்கள். எத்தனை குழாய்கள் நிற்கின்றன, கடைசியாகக் கொலர் மாற்றியது எந்த வருடம் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தெரியாவிட்டால் வருகிற மாரிக்கு முன் தெரிந்த ஒருவரைக் கொண்டு பார்ப்பியுங்கள்.