நான்கு மணி நேரம் பேசிய வியாபாரி

பேச்சாற்றல் இல்லாத ஒருவர் பேச்சினாலேயே ஒரு சாம்ராஜ்யத்தின் சபையைத் திணறடித்தார் என்றால் நம்புவது கடினம். அயர்லாந்தைச் சேர்ந்த ஜோசப் பிகர் அத்தகையவர். பெல்பாஸ்ட் நகரில் பன்றியிறைச்சி வாணிகம் செய்தவர், கூன் விழுந்த முதுகினர், கரகரத்த குரலினர். 1874-ஆம் ஆண்டில் காவன் தொகுதியினின்று காமன்ஸ் சபைக்கு வந்தார்.

1801 முதல் அயர்லாந்துக்கெனத் தனிப் பாராளுமன்றம் இல்லை. லண்டனில் கூடிய அறுநூற்றுக்கு மேற்பட்ட அங்கத்தினருள் ஐரிஷ் சுயாட்சி கோரியவர்கள் அறுபதின்மர் அளவே. அவர்தம் தலைவர் ஐசக் பட் சிறந்த வழக்கறிஞர். ஆண்டுதோறும் அழகுறப் பேசுவார்; சபையும் மரியாதையாகக் கேட்டுத் தோற்கடிக்கும்!

1875 ஏப்ரல் 22 அன்று, அயர்லாந்துக்கான அடக்குமுறை மசோதா விவாதத்துக்கு வந்தது. பிகர் எழுந்தார். அரசாங்க அறிக்கைகளைப் பக்கம் பக்கமாக வாசிக்கலானார். குரல் கேட்கவில்லை எனச் சபாநாயகர் குறைகூறவே, தாள்களை எடுத்துக்கொண்டு அருகே சென்று, வேண்டுமாயின் முதலிலிருந்தே தொடங்குவதாகப் பணிவுடன் கூறினாராம்! ஏறக்குறைய நான்கு மணி நேரம் கழிந்தது. (நம் சங்கப் பொதுக்கூட்டங்களில் அமர்ந்து பழகியோர் அச்சபையினர்பால் இரக்கங் கொள்வர்.) பேச்சுக்குக் கால வரம்பு விதிக்க அந்நாளில் விதியே இல்லை. அன்றுதான் சபையில் புதிதாக அமர்ந்த பார்னெல் என்னும் இளைஞர், பிகருடன் சேர்ந்து பின்னர் இதனை ஒரு போர்முறையாகவே வளர்த்தார்.

பட் மனம் நொந்தார். 1877-இல் சபையிலேயே இவ்வழியைக் கண்டித்தார். அவரை நாம் எளிதில் பழித்தல் ஆகாது. சபையின் மாண்பில் அவர் வைத்த நம்பிக்கை மெய்யானது; ஆயினும் அந்த நம்பிக்கைக்கு அயர்லாந்து பெற்ற பலன் மிகச் சிறிதே. அவ்வாண்டு தென்னாப்பிரிக்க மசோதாவின்போது சபை தொடர்ந்து 26 மணி நேரம் நடந்தது.

1881-இல் மற்றோர் அடக்குமுறை மசோதா வந்தது. ஜனவரி 31, திங்கள் மாலை தொடங்கிய அமர்வு இரண்டு இரவுகளைக் கடந்தது. அங்கத்தினர் முறைவைத்து உறங்கினர். பிப்ரவரி 2, புதன் காலை, சபாநாயகர் பிராண்ட் ஆசனத்துக்குத் திரும்பினார். அவ்வேளை பேசிக்கொண்டிருந்தவர் பிகரே! அவரைப் பேசவிடாது நிறுத்தி, விவாதம் முடிந்ததெனத் தம் பொறுப்பிலேயே அறிவித்தார் பிராண்ட். 41 மணி நேர அமர்வு அவ்வாறு முடிந்தது. மறுநாளே ஐரிஷ் அங்கத்தினர் 36 பேர் சபையினின்று விலக்கப்பட்டனர்.

1882-இல் விவாதத்தை முடித்துவைக்கும் அதிகாரம் நிலையான விதியாகவே எழுதப்பட்டது. அயர்லாந்தின் குறைகளை உலகு திரும்பிப் பார்த்தது என்பது உண்மை. ஆனால் அதற்கான விலையை ஐரிஷ்காரர் மட்டுமா கொடுத்தனர்? அவ்விதி பின்னர் எல்லாக் கட்சியினர் பேச்சையும் வெட்டியது. விவாதத்தை முடிக்கக் கோரும் தீர்மானத்துக்கு இன்று நம் லோக்சபையின் விதிகளிலும் இடமுண்டு.