தோட்டத்து ஆஸ்பத்திரியும் தாதியின் கௌரவமும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட், சிம்மோர், கோலகங்சார் வட்டாரங்களில் பால்மரக் காடுகள் பரந்துகிடந்த காலத்தில், தோட்டத்து ஆஸ்பத்திரி என்பது முதலாளியின் கருணையால் எழுந்ததன்று. மலேரியாவிலும் வயிற்றுக்கடுப்பிலும் தொழிலாளர் கொத்துக்கொத்தாய் மடிந்ததைக் கண்ட அரசாங்கம் சட்டத்தின் வாயிலாக விதித்த நிர்ப்பந்தத்தால் எழுந்தது. அங்கே மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸரின் சொல்லே சாசனம். அவருக்குக் கீழே ஆயாவும் மருத்துவச்சியும், பிற்காலத்தில் மிஸ்ஸி எனப்பட்ட, பயிற்சி பெற்ற தாதியும் பணிபுரிந்தனர். புண்ணைக் கழுவி, ஜுரத்தில் வெந்த உடம்பைத் துடைத்து, அந்நிய ஆடவனின் தேகத்தைத் தொட்டுச் செய்யவேண்டிய அச்சேவையை, தன் இச்சைக்குத் தரப்பட்ட அனுமதியாகத் திரித்துக்கொண்ட நோயாளி எக்காலத்திலும் உண்டு. அவனால் தாதி அடைந்த அவமானத்தைச் சொல்ல நெடுங்காலம் தனியே ஒரு சபை இல்லை.

பெண்ணின் மானத்தைப் பற்றித் தோட்டத்து ஜனங்கள் மௌனம் சாதித்தார்கள் என்று எவரும் எண்ணிவிடலாகாது. 1941-இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், துரைமார் எதிரே சைக்கிளை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை, கள்ளுக்கடை மூடல், முறையான வைத்திய வசதி ஆகியவற்றோடு, வெள்ளையரும் ‘கறுப்பு ஐரோப்பியர்’ எனப்பட்ட ஆசிய அலுவலரும் தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் தகாதவாறு நடப்பது ஒழியவேண்டும் என்பதும் இடம்பெற்றது. அந்தத் துணிவை நான் வணங்குகிறேன். எனினும் அது மேலிருந்தவனை நோக்கி நீண்ட விரல். படுக்கையில் கிடந்தவனோ ஏழை, ஒரே லயத்தில் குடியிருப்பவன், முறை சொல்லி அழைக்கத்தக்க உறவினன். அவன்மீது வாய்திறப்பது சொந்த ஜனங்களையே காட்டிக்கொடுப்பதாகிவிடும்.

மூளையைத் தாக்கும் மலேரியா மனிதனைப் பிதற்றச் செய்யும். முதுமையின் மறதிநோய் நாணத்தையே அழித்துவிடும். அத்தகையோரைக் குற்றவாளியாக்குவது தர்மமன்று. அவர்களிடம் இருவர் சேர்ந்து செல்வதே வழி. ஆனால், டாக்டர் வரும்போது பணிவே உருவாய்ப் படுத்திருந்து, தாதி தனித்து வருகையில் மட்டும் கைநீட்டுகிறவனுக்கும் அதே நோயின் சலுகையை வழங்கி, ‘நோயாளிதானே, பொறுத்துக்கொள் அம்மா’ என்று அவளை அனுப்பிவைக்கும் மேலதிகாரி, அக்குற்றத்தில் பங்கு கொள்கிறார் என்பதே என் அபிப்பிராயம்.

1860-இன் இந்தியச் சட்டத்தை அடியொற்றிய தண்டனைச் சட்டத்தில், பெண்ணின் மானத்தைக் குலைக்கும் ஸ்பரிசத்துக்கும் இழிசொல்லுக்கும் பிரிவுகள் இருந்தன; அதற்குப் போலீஸ் நிலையத்தின் படி ஏறவேண்டும். 2012-இல் வேலைவாய்ப்புச் சட்டத்தில் பாலியல் தொல்லைக்கென ஓர் அத்தியாயம் சேர்ந்தபோதும், அது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலும், தொழிலாளருக்குள்ளும் எழும் புகார்களையே கண்டது. நோயாளி இவர்களுள் எவனும் அல்லன். 2022 ஜூலையில் மக்களவை நிறைவேற்றிய பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டமே, இன்னார்மீதுதான் என்ற வரம்பின்றி முறையிட ஒரு தீர்ப்பாயத்தை வகுத்து, 250,000 ரிங்கிட் வரை நஷ்டஈடு விதிக்கும் அதிகாரத்தை அதற்கு அளித்தது. தோட்டங்கள் கலைந்தபின் ஈப்போவுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் பெண்பிள்ளைகள் இன்று அந்நகரத்து வார்டுகளில் இரவுப்பணி செய்கிறார்கள். அத்தீர்ப்பாயத்துக்குப் புகார் எழுத அவர்களுக்கு வேண்டிய அவகாசத்தையும், அருகே சாட்சியாக அமர ஒரு மூத்த தாதியையும் தரவேண்டியது மருத்துவமனை நிர்வாகம்.