சர்வதேச மனித உரிமைக் கொள்கையாக்கத்தில் பழங்குடிப் பெண்கள்

உலகில் ஏறத்தாழ 47.6 கோடிப் பழங்குடியினர் வாழ்வதாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் மதிப்பிட்டது. அவர்களில் பாதிப் பேர் பெண்கள். பெண்ணுரிமை ஆவணங்கள் நெடுங்காலம் நிலத்தையும் சமூகத்தையும் அரிதாகவே பேசின; பழங்குடி உரிமை ஆவணங்களும் பெண்களைத் தனியே அரிதாகவே பேசின. தனிமனித உரிமையும் கூட்டு உரிமையும் பிரிக்க முடியாதவை என்பதைச் சர்வதேசச் சட்டத்தின் மொழிக்குள் கொண்டுவந்ததே இப்பெண்களின் முதன்மைப் பங்களிப்பு.

லவ்லேஸ் வழக்கு

கனடாவின் ‘இந்தியர் சட்டம்’, பூர்வகுடி அல்லாதவரை மணக்கும் பெண்ணின் பூர்வகுடித் தகுதியைப் பறித்தது. அதே திருமணத்தை ஆண் செய்தால் அவன் தகுதி நீடித்தது. அவன் மனைவிக்கும் அது கிடைத்தது. நியூ பிரன்சுவிக் மாகாணத்தின் டோபிக் ஒதுக்கிடத்தில் பிறந்த மாலிசீட் இனத்தவரான சான்ட்ரா லவ்லேஸ், 1970-இல் செய்துகொண்ட திருமணத்தால் தகுதியை இழந்தார். மணமுறிவுக்குப் பின் ஊர் திரும்பியும் அங்கே வாழும் உரிமை அவருக்குக் கிடைக்கவில்லை. 1977 இறுதியில் அவர் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டார். 1979-இல் டோபிக் பெண்கள் இச்சட்டப் பாகுபாட்டை எதிர்த்து, கியூபெக்கின் ஓகாவிலிருந்து தலைநகர் ஒட்டாவாவுக்கு நடைப்பயணம் சென்றனர்.

அக்குழு கண்காணிக்கும் குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கை கனடாவில் 1976-இல்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே 1970-இல் நேர்ந்த தகுதியிழப்பைக் குழு ஆராயவில்லை. அதன் விளைவு தொடர்வதையே எடுத்துக்கொண்டது. டோபிக்குக்கு வெளியே அத்தகைய சமூகம் எங்கும் இல்லை என்பதால், அங்கே வாழவிடாதது தன் மக்களோடு சேர்ந்து தன் பண்பாட்டைத் துய்க்கும் உரிமையை (பிரிவு 27) மீறுவதாகும் என்று 1981 ஜூலை 30-இல் முடிவுசெய்தது. கனடா 1985-இல் சட்டத்தைத் திருத்தியது. லவ்லேஸ் 2005-இல் அந்நாட்டின் செனட் உறுப்பினரானார். எஞ்சியிருந்த பாகுபாட்டை எதிர்த்து பூர்வகுடிப் பெண் ஷாரன் மெக்ஐவர் அதே குழுவிடம் தொடுத்த முறையீட்டிலும், 2019 ஜனவரியில் வெளியான முடிவு கனடாவுக்கு எதிராகவே அமைந்தது.

மன்றங்களும் அமைப்புகளும்

1995-இல் பெய்ஜிங்கில் நான்காவது உலகப் பெண்கள் மாநாடு நடந்தபோது, பழங்குடிப் பெண்கள் தங்களுக்கெனத் தனிப் பிரகடனம் ஒன்றை வெளியிட்டனர். மாநாட்டின் செயல்திட்ட வரைவு பாலினச் சமத்துவத்தை மட்டும் முன்னிறுத்தி, நிலப்பறிப்பையும் தன்னாட்சி உரிமையையும் ஒதுக்குவதாக அது விமர்சித்தது. இந்த அணிதிரளலின் தொடர்ச்சியாக 2000-இல் சர்வதேசப் பழங்குடிப் பெண்கள் மன்றம் உருவானது. பெருவின் கெச்சுவா இனத் தலைவர் தார்சிலா ரிவேரா செயா இதன் முன்னோடிகளில் ஒருவர்.

ஐ.நா. பழங்குடி விவகாரங்களுக்கான நிரந்தர மன்றம் 2002-இல் முதன்முறையாகக் கூடியது. இதன் 16 உறுப்பினர்களில் எண்மரை அரசுகளும், எண்மரைப் பழங்குடி அமைப்புகளும் முன்மொழிகின்றன. 2004-ஆம் ஆண்டு அமர்வின் கருப்பொருள் பழங்குடிப் பெண்கள். பிலிப்பைன்ஸின் கார்டில்லெரா மலைப்பகுதியைச் சேர்ந்த விக்டோரியா தவுலி-கோர்பஸ், நிகராகுவாவின் மிஸ்கிட்டோ இன மருத்துவர் மிர்னா கன்னிங்காம், ஆஸ்திரேலியச் சட்ட அறிஞர் மேகன் டேவிஸ் ஆகியோர் வெவ்வேறு காலங்களில் இதன் தலைவராக இருந்தனர்.

ஐ.நா. பொதுச்சபை 2007 செப்டம்பர் 13-இல் 144 வாக்குகளுடன் ஏற்ற பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்தின் பிரிவு 44, அதிலுள்ள உரிமைகள் அனைத்தும் ஆண், பெண் இருபாலருக்கும் சமம் என்கிறது. பிரிவு 22, பெண்கள் மீதும் குழந்தைகள் மீதும் நிகழும் வன்முறையிலிருந்து காக்கும் பொறுப்பை அரசுகளிடம் ஒப்படைக்கிறது.

மெக்சிகோவின் குரேரோ மாநிலத்தில் 2002-இல் ராணுவத்தினரால் பாலியல் வன்முறைக்கு ஆளான மெஃபா இனப் பெண்கள் இருவரின் வழக்குகளில், ஐ.நா.வுக்கு வெளியே இயங்கும் அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம் 2010-இல் அரசைப் பொறுப்பாக்கியது. அவற்றில் ஒன்றான பெர்னாண்டஸ் ஓர்தேகா வழக்கில், சமூகத்துக்குப் பெண்கள் மையம் ஒன்றை அமைத்துத் தரவும் உத்தரவிட்டது. தனியொருவருக்கு நேர்ந்த கொடுமைக்கான பரிகாரம் இவ்வாறு அவர் சமூகத்துக்கும் நீண்டது.

பொதுப் பரிந்துரை 39

பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையின் (சீடா) கண்காணிப்புக் குழு, 2022 அக்டோபரில் பழங்குடிப் பெண்கள், சிறுமிகளின் உரிமைகள் குறித்துத் தன் 39-ஆவது பொதுப் பரிந்துரையை ஏற்றது. பழங்குடிப் பெண் அமைப்புகள் பல ஆண்டுகள் வலியுறுத்தியதன் பலன் இது. அவர்களுக்கெனத் தனித்து எழுந்த முதல் சீடா பரிந்துரையும் இதுவே. நிலம், நீர், மொழி, பண்பாடு ஆகியவற்றின் மீதான கூட்டு உரிமையைப் பறிப்பதும் பெண்களுக்கு எதிரான பாகுபாடாகலாம் என்பது இதன் சாரம். அச்சமூகங்களைப் பாதிக்கும் திட்டங்களுக்கு முன்கூட்டியே, முழுத் தகவலுடன், சுதந்திரமாகப் பெறப்படும் ஒப்புதலில் பெண்களின் குரலும் இருக்க வேண்டும் என்கிறது.

வரம்புகள்

குழுக்களின் முடிவுகளைக் கட்டாயப்படுத்தி நிறைவேற்றும் அதிகாரம் ஐ.நா.வுக்கு இல்லை. ஐ.நா. மன்றங்களில் பங்கேற்பதிலிருந்து பயணச் செலவும் மொழியும் பலரைத் தடுக்கின்றன. செலவுக்கு உதவ 1985-இல் ஐ.நா. தன்னார்வ நிதியம் தொடங்கப்பட்டது. பங்கேற்பே ஆபத்தாவதும் உண்டு: தவுலி-கோர்பஸ் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராகப் பணியாற்றியபோதே, பிலிப்பைன்ஸ் அரசு 2018-இல் நீதிமன்றத்துக்கு அளித்த பயங்கரவாதிகள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. பின்னர் நீதிமன்றம் அதை நீக்கியது.

இந்தியா 2007 பிரகடனத்தை ஆதரித்து வாக்களித்தது; சீடாவை 1993-இல் ஏற்றது. ஆனால் தனிநபர் முறையீட்டுக்கு வழிவிடும் அதன் விருப்ப நெறிமுறையை ஏற்கவில்லை. ஆகவே, இந்திய ஆதிவாசிப் பெண் ஒருவர் தன் அரசுக்கு எதிராகச் சீடா குழுவிடம் நேரடியாக முறையிட இன்றும் வழியில்லை.