இயந்திரமும் எண்ணெயும்



2011ஆம் ஆண்டில், நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, எம் மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் சென்ற வாடகை வண்டியொன்று நடுவழியில் நின்றுவிட்டது. எஞ்சினில் எண்ணெய் வற்றி, உள்ளுறுப்புகள் வெப்பத்தால் இறுகிப் போயிருந்தன. புறப்படுமுன் எண்ணெய் மட்டத்தைப் பார்த்திருந்தால் அந்த நட்டம் நேர்ந்திராது. "பார்த்தாயிற்றா?" என்று கேட்கத் தவறியவர்களுள் நானும் ஒருவன். அந்த வெட்கமே இச்சிறு செயலின் வரலாற்றைத் தேடும்படி என்னைத் தூண்டியது.

உராய்வை வெல்லும் முயற்சி மிகப் பழையது. எகிப்து நாட்டில், ஏறத்தாழ 3,900 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஜெகுதிஹோதெப் என்பாரின் கல்லறையில் ஓர் ஓவியம் உண்டு. பெருஞ்சிலையொன்றைச் சறுக்குவண்டியில் ஏற்றிப் பலர் இழுக்கின்றனர். வண்டியின் முனையில் நிற்கும் ஒருவன் அதன் முன்னே தரையில் நீர்மத்தை ஊற்றுகிறான். நம் கட்டைவண்டியின் அச்சுக்கு மசகு இட்ட உழவனும் அவன் வழிவந்தவனே எனலாம்.

நீராவி எஞ்சின் தோன்றியபின் இவ்வேலை பெருகிற்று. இடையிடையே வண்டியை நிறுத்தி எண்ணெய் இட வேண்டியிருந்தது. அவ்வேலையைச் செய்தவர்களுள் ஒருவர் எலைஜா மக்காய். அடிமைத்தளையினின்று தப்பிய பெற்றோருக்கு 1844இல் கனடாவில் பிறந்தவர். எடின்பரோவில் பொறியியல் பயின்றவர். ஆயினும், கறுப்பினத்தவர் என்பதால் அமெரிக்காவில் அவருக்குப் பொறியாளர் பதவி கிட்டவில்லை. இரயில் எஞ்சினில் கரி தள்ளி எண்ணெய் இடும் வேலையே வாய்த்தது. அதனை அவர் இழிவெனக் கருதாது, உற்று நோக்கினார். 1872இல், எஞ்சினுக்குத் தானாகவே எண்ணெய் ஊட்டும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார்.

எண்ணெய் எவ்வாறு காக்கிறது? 1883இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்பவர் இரயில் அச்சுத் தாங்கிகளை ஆராய்ந்தார். தாங்கியின் மேற்புறத் துளையை அவர் அடைத்த மரக்கட்டையை எண்ணெய் வெளியே தள்ளிற்று! சுழலும் அச்சு, எண்ணெயைத் தன்னோடு இழுத்து, அழுத்தம் மிக்க மெல்லிய ஏடாக்கி, அதன்மேல் மிதக்கிறது என்பது புலனாயிற்று. 1886இல் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் இதனைக் கணிதத்தால் விளக்கினார். அந்த ஏடு அறுந்தால் உலோகம் உலோகத்தைத் தேய்த்துத் தின்றுவிடும்.

1908இல் வெளிவந்த போர்டு மாடல் டி காரில் எண்ணெய் அளவுகோல் இல்லை. எஞ்சினின் அடியில் மேலும் கீழுமாக இரு சிறு திருகுகுழாய்கள் இருந்தன. ஓட்டுநர் குனிந்து அவற்றைத் திறந்து பார்ப்பார். எண்ணெய் மட்டம் அவ்விரண்டிற்கும் இடையே நிற்க வேண்டும். 1927இல் வந்த மாடல் ஏ காரில், வெளியே உருவிப் பார்க்கும் அளவுகோல் அமைந்தது.

அக்கோலைப் பயன்படுத்தும் பொதுமுறை எளிது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எண்ணெய் கீழே வடியச் சில நிமிடம் பொறுக்க வேண்டும். கோலை உருவித் துடைத்து, மீண்டும் முழுதும் செலுத்தி எடுத்தால், எண்ணெய் இரு குறிகளுக்கும் இடையே தெரிய வேண்டும். குறைந்தால் தீங்கு, மிகுந்தாலும் தீங்கே. மிகுந்த எண்ணெயைச் சுழல்தண்டு அடித்து நுரையாக்கும். நுரை உறுப்புகளைக் காவாது. வண்டிக்கு வண்டி முறை சிறிது மாறுபடும். ஆதலின் உடன்வரும் கையேட்டைப் படித்தறிக.

பெரிய இயந்திரத்தைக் காப்பது சிறிய கவனம். எண்ணெய்க் குவளை ஏந்திய கையை உலகம் தாழ்வாக நினைத்தது. அக்கையே புதியதொன்றைப் படைத்தது. எவ்வேலையையும் எளிதென இகழாதீர்கள். பயணம் புறப்படுமுன், அன்று நான் கேட்கத் தவறிய கேள்வியை நீங்கள் கேளுங்கள்.