ஒன்றுக்கு ஒன்றே ஒன்று!

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணிதத்தைப் பற்றிப் பேசத் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்த ஓர் அறிவிப்பாளருக்கு என்ன தகுதி என்று நீங்கள் நினைக்கலாம். தகுதி இருக்கிறது. நான்காம் படிவத்தில் வாங்கிய பூஜ்யம்தான் அது!

கூடுதல் கணிதத்தில் ‘ஃபுங்சி’ என்று படித்தோமே, தமிழில் அதற்குச் சார்பு என்று பெயர். எக்ஸின் வர்க்கத்தையும் வையின் வர்க்கத்தையும் கூட்டினால் 25. இந்தத் தொடர்பு சார்பா, இல்லையா என்பது கேள்வி. சூத்திரம் இருக்கிறதே, அப்படியென்றால் சார்புதான் என்று எழுதினேன். சிவப்பு மையில் தவறு என்று வந்தது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நமக்குக் கணக்கு வராது என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன்.

விதி என்னவோ எளிமையானதுதான். சாப்பாட்டுக் கடையின் விலைப்பட்டியலை எண்ணிப் பாருங்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பானத்துக்கும் ஒரு விலை இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. தே தாரிக்கும் மைலோவும் ஒரே விலை என்றால் பரவாயில்லை. ஆனால் ஒரே தே தாரிக்குக்கு இரண்டு விலை எழுதியிருந்தால் கல்லாவில் சண்டைதான். பானத்திலிருந்து விலைக்குப் போனால் அது சார்பு. திருப்பிப் போட்டு, “மூன்று வெள்ளிக்கு உள்ளதைக் கொடுங்கள்” என்றால் கடைக்காரர் “எது?” என்று கேட்பார். அது சார்பு அல்ல.

என் வட்டத்திலும் இதே கோளாறுதான். எக்ஸ் 3 என்றால் வை 4-ஆகவும் இருக்கலாம், கழித்தல் 4-ஆகவும் இருக்கலாம். வரைபடத்தில் செங்குத்தாக ஒரு கோடு போட்டால் வட்டத்தை இரண்டு இடத்தில் வெட்டும். எங்கே போட்டாலும் ஓர் இடத்துக்கு மேல் வெட்டக் கூடாது என்பதே சோதனை.

பல ஆண்டுகள் கழித்து இதன் வரலாற்றைப் படித்தபோதுதான் எனக்கு ஆறுதல் கிடைத்தது. நான் செய்த தவறு சாதாரணத் தவறு அல்ல, அன்பர்களே!

சார்பு என்ற சொல்லைக் கணிதத்துக்குள் கொண்டு வந்தவர் ஜெர்மனியின் லைப்னிட்ஸ், ஆண்டு 1673. சுவிட்சர்லாந்தில் பிறந்த மாமேதை ஆய்லர் 1748-இல் வெளியிட்ட நூலில், மாறும் அளவையும் எண்களையும் கொண்டு அமைக்கும் கோவையே சார்பு என்றார். அதாவது, சூத்திரம் இருந்தால் சார்பு! ஒரு மதிப்புத் தருவது ஒரு வகை, பல மதிப்புத் தருவது இன்னொரு வகை என்றும் பிரித்தார். என் வட்டத்தை அவரிடம் காட்டியிருந்தால் இரண்டாம் வகைச் சார்பு என்று ஏற்றுக்கொண்டிருப்பார்.

அந்தக் கருத்தை அசைத்தது ஒரு தந்தி. வீணையிலோ கிட்டாரிலோ ஒரு தந்தியை விரலால் இழுத்துப் பிடியுங்கள். நடுவில் ஒரு மூலை. இருபுறமும் இரண்டு நேர்க்கோடுகள். இந்த வடிவத்துக்கு ஒரே சூத்திரம் எங்கே? அதிரும் தந்திக்கு 1747-இல் சமன்பாடு கண்ட பிரான்சின் டி அலெம்பெர்ட், ஒரே கோவையில் அடங்காத வடிவத்தை ஏற்க மறுத்தார். ஆய்லரோ, கையால் கிறுக்கிய கோட்டையும் ஏற்க வேண்டும் என்று வாதாடினார். தம் வரையறைக்கு வெளியே தாமே கால் வைத்தார்!

1807-இல் ஃபூரியே பாரிஸில் ஓர் ஆய்வுரையைச் சமர்ப்பித்தார். பொருள், வெப்பம் பரவும் விதம். மூலை உள்ள கோட்டையும் துண்டு துண்டான கோட்டையும் அலைகளின் கூட்டலாக எழுதிவிடலாம் என்றார். மூத்தவரான லாக்ராஞ்சு ஒப்பவில்லை. ஃபூரியேவின் நூல் வெளிவர 1822 ஆயிற்று. இன்று உங்கள் வீட்டு டிஜிட்டல் தொலைக்காட்சிக்குப் படத்தைச் சுருக்கி அனுப்பும் முறைக்கும் இந்த அலைக் கணக்கே அடிப்படை.

பாரிஸில் ஃபூரியேவைச் சந்தித்த ஜெர்மானியர் டிரிக்ஷ்லே 1829-இல் ஒரு விந்தையைக் காட்டினார். விகிதமுறு எண்ணுக்கு ஒரு மதிப்பு, விகிதமுறா எண்ணுக்கு வேறொரு மதிப்பு. அவ்வளவுதான்! இதை எந்தக் கையாலும் வரைய முடியாது. ஆனாலும் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே விடை இருக்கிறது. ஒவ்வொரு எக்ஸுக்கும் ஒரே ஒரு வை இருந்தால் போதும், எல்லா இடத்திலும் ஒரே விதி வேண்டியதில்லை என்று 1837-இல் அவர் எழுதினார். சார்பு என்பது இரண்டு கணங்களுக்கு இடையிலான தொடர்பு என்று பூர்பாக்கி குழுவினர் 1939-இல் பொதுவாக வரையறுத்தனர். நம் பிள்ளைகள் படிப்பது அந்த வடிவத்தைத்தான்.

பாருங்கள், லைப்னிட்ஸிலிருந்து டிரிக்ஷ்லே வரை 164 ஆண்டுகள்! மேதைகள் அவ்வளவு காலம் வாதாடித் தெளிந்ததை, பதினாறு வயதுப் பிள்ளை ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். பிடிக்காவிட்டால் மக்கு என்கிறோம்.

மாணவர்களே, சூத்திரம் இருக்கிறதா என்று தேடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் விடை இருக்கிறதா, அது ஒன்றே ஒன்றுதானா என்று கேளுங்கள். பெற்றோர்களே, ஆசிரியர்களே, தவறு என்று கோடு போடும்போது ஏன் என்பதையும் ஒரு வரி சொல்லுங்கள். அந்த ஒரு வரி அன்று கிடைக்காததால் கணிதத்தை விட்டு ஓடியவள் நான்.